இணைப்பு விமானம்

டப்ளினிலிருந்து பாகுவுக்கு
நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
நேர் விமானம் இருந்தால் ஆறு மணி நேரம்.
இல்லை.
திரை எனக்கு இவ்வளவுதான் சொல்லும்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
பழக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே எங்கள் டிராவல்ஸ்.
தலைக்கு மேல் பேருந்து போகும்போதெல்லாம்
மேசைக் கண்ணாடி ஒரு தரம் நடுங்கும்.
நான் இதுவரை ஏறிய உயரம் அந்தப் பாலம்தான்.
ஆனாலும் எந்த ஊரில் இப்போது என்ன மணி என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

டெல்ஃபின் ஷைனி டப்ளினில் நர்ஸ்.
ஜெபின் ததேயு பாகுவில்,
எங்கேயும் போய்ச் சேராத ஒரு கடலின் நடுவே
எண்ணெய் மேடையில் கிரேன் ஓட்டுகிறான்.
கருங்கலில் அவர்களுக்கு ஒரு வீடு,
இரண்டு சம்பளத்தில் எழும்பியது.
அதன் சாவி என் இழுப்பறையில்,
ரப்பர் ஸ்டாம்புக்கும் ஸ்டேப்ளர் பின்னுக்கும் இடையில்.
வருகிறவர் எடுத்துப் போவார்,
போகிறவர் வைத்துப் போவார்.
இந்த வருஷம்
அவன் லீவு முடிகிற அன்று
அவள் லீவு தொடங்குகிறது.

ஒரே வாரத்தில் இரண்டு பேரும் அழைத்தார்கள்,
ஒருவர் அழைத்தது மற்றவருக்குத் தெரியாமல்.
"தோஹாவில எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேணும்,
விலை ஏறினாலும் சரி."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் அவர்கள் ஏதாவது சொல்ல வேண்டிவரும்.

முதல் தேடலில் நாற்பது நிமிடம்.
ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடக்கவே காணாது.
அடுத்ததில் அவள் தரையிறங்கும்போது
அவன் ஏற்கெனவே ஆகாயத்தில்.
மூன்றாம் நாள், மதியச் சோறு பாதியில் இருக்கையில்,
யாரோ ரத்து செய்த ஒரு இருக்கை வந்து விழுந்தது:
இரண்டு மணி பத்து நிமிடம்.
நாலாயிரத்து எழுநூறு ரூபாய் அதிகம்.
கமிஷன் எடுத்தேன்.
எடுக்காமல் எப்படி.

செவ்வாய் இரவு, பாதி ஷட்டர் இறக்கிய பிறகு
குனிந்து உள்ளே வந்தான் ஜெபின்.
சாவியை மேசையில் வைத்தான். போகவில்லை.
"அங்க பாக்க முடியாமப் போச்சுண்ணா
ஒண்ணு சொல்லிரணும் கேட்டியளா.
கொடியில துண்டு ஈரமா கிடக்கு.
மழை வந்தா எடுக்கணும்."

அதிகாலை நாலேகாலுக்கு
படுக்கையில் ஃபோனைத் திறந்து பார்த்தேன்.
மஞ்சள் நிறத்தில் இரண்டு குட்டி விமானங்கள்.
அவளுடையது பாரசீக வளைகுடாவுக்கு மேல்
எறும்பு போல ஊர்ந்தது.
அவனுடையது திருவனந்தபுரத்திலேயே நின்றது,
நின்றது,
முப்பத்தைந்து நிமிடம் நின்றது.
இரண்டு பத்தில் அது போக ஒன்று முப்பத்தைந்து.
அதிலும் பாதுகாப்புச் சோதனை வரிசை எவ்வளவு தின்னும்,
அதற்கு என்னிடம் கணக்கில்லை.
எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

புதன் மாலை அவள் வந்தாள்.
விமான நிலையத்திலிருந்து இங்கே
நாற்பத்தைந்து கிலோமீட்டர்.
களியக்காவிளையில் லாரி கவிழ்ந்து
இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனதாம்.
கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது,
முடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.
சாவிக்குக் கை நீட்டியபோது பார்த்தேன்:
சுவரில் ஏழு பத்து,
அவள் கைக்கடிகாரத்தில் நாலு நாற்பது.
டப்ளின் என்றால் இரண்டு நாற்பது காட்ட வேண்டும்.
என் வேலை அப்படி,
கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

அவன் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன்.
பாலத்தின் விளிம்பிலிருந்து
முதல் துளிகள் செருப்புக்கடைத் தார்ப்பாயில் விழுந்தன.
அவள் தலையைத் தூக்கிக் கேட்டாள்.
"ஐயோ, கொடியில துண்டு கிடக்கே" என்றாள்,
பெட்டியை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள்.
மீதிச் சில்லறை என் கையில்.

கருங்கலுக்குப் பத்து கிலோமீட்டர்.
முன்னால் ஒரு பால் வண்டி,
அதற்கு முன்னால் சிவப்பு விளக்குகள்
கண்ணுக்கெட்டிய தூரம்.